தந்தத்தை வாங்கியவர்கள்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது எலப்புள்ளி. நெல்வயலும் தென்னந்தோப்பும் பனைவரிசையுமான சமவெளி ஊர். வடக்கே வாளையார், மலம்புழைக் காடுகள். தெற்கே நெல்லியாம்பதி, பரம்பிக்குளம். குஜராத்தின் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் மேற்குத் தொடர்ச்சி மலை, பெரிதாக ஒரு வாய் திறந்திருப்பது இங்கேதான். சுமார் முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் யானைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது. நீலகிரிப் பக்கத்து யானைகளும் ஆனைமலை, பெரியாறு யானைகளும் மரபணு அளவிலேயே வேறுபட்டிருப்பதை டி.என்.சி. வித்யா, ராமன் சுகுமார் உள்ளிட்டோரின் 2005 ஆய்வு காட்டியது. யானைக்கு இந்தக் கணவாய் ஒரு சுவர். ஆனால் யானையின் தந்தத்துக்கும் உடும்பின் இறைச்சிக்கும் மண்ணுளிப் பாம்புக்கும் இதுவே நெடுஞ்சாலை. வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையைக் கடக்க எத்தனையோ வழிகள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் இந்த வழிகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. சரக்கு வண்டியை நிறுத்திப் பார்க்கும் கண்களில் ஒரு ஜோடி குறைந்தது.

எல்லை ஊர்களில் இருந்துகொண்டு வேட்டைத் தடைச் சட்டத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். காட்டுக்குள் நாட்டுத் துப்பாக்கியோடு போகிறவன் இந்தச் சங்கிலியில் மிகக் குறைந்த கூலி வாங்குபவன். மிக எளிதாகப் பிடிபடுபவனும் அவன்தான். அவன் சிறைக்குப் போனால் அடுத்த பருவத்தில் வேறொருவன் கிடைப்பான். காசு கொடுத்து வாங்கி, பட்டறையில் செதுக்கி, வரவேற்பறையில் வைப்பவர் இல்லாவிட்டால் அந்தத் துப்பாக்கிக்குக் காட்டில் வேலையே இல்லை. ஐம்பது ஆண்டுகளாகத் திருத்தப்பட்டுக்கொண்டே வரும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவரின் வாசல்வரை போன சந்தர்ப்பங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று கேரளத்தில் 2015-ல் நடந்தது. அதற்கு முன், இழப்பது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆசிய யானையில் ஆணுக்கு மட்டுமே நீண்ட தந்தம் உண்டு. வெளியே தெரிவது முழுத் தந்தம் அல்ல. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கும். அந்தப் பங்கையும் விட மனமில்லாத வேட்டைக்காரர்கள் முகத்தைக் கோடரியால் வெட்டிப் பிளப்பார்கள். அவசரம் இல்லையென்றால், உடல் அழுகித் தந்தம் தானாகக் கழன்று வரும்வரை சில நாள் கழித்து வருவார்கள். யானை உயிரோடிருக்கும்போது தந்தத்தை முழுதாக எடுக்க வழியே இல்லை. கடையில் பார்க்கும் பழைய தந்தப் பொம்மையின் பின்னாலும் பெரும்பாலும் ஒரு பிணம் இருந்திருக்கும். அது இயற்கையாகச் செத்ததா, சுடப்பட்டதா என்பதைப் பொம்மையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தென்னிந்தியாவின் ஆண் யானைகளில் மிகப் பெரும்பாலானவை கொம்பன்கள். தந்தமில்லாத மக்னாக்கள் குறைவு. இலங்கையில் நிலைமை நேர் எதிர்: அங்கே தந்தமுள்ள ஆண் யானை அபூர்வம். அதனால் தந்த வேட்டையின் முழு அடியும் நம் பக்கத்து மலைகளில் விழுந்தது. 1970-களிலும் 80-களிலும் இடுக்கி மாவட்டத்தின் பெரியாறு காட்டில் கொம்பன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடப்பட்டன. 1980-களின் இறுதியில், வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்கு நூறுக்கும் மேற்பட்ட பெண் யானைகள் என்ற கணக்குக்கு அந்தக் காடு வந்து நின்றது. கன்று ஈனும் விகிதமும் சரிந்தது. மொசாம்பிக்கின் கொரோங்கோசா காட்டில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போர்க்கால வேட்டைக்குப் பின், தந்தமில்லாத பெண் யானைகளின் பங்கு ஐந்தில் ஒன்றிலிருந்து பாதியளவுக்கு உயர்ந்ததை 2021-ல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. வேட்டை ஓய்ந்த பிறகும் அதன் விளைவு ஓயாது. பெரியாற்றில் அன்று சுடப்பட்ட கொம்பனின் இடத்தை இன்னொன்று வளர்ந்து நிரப்ப ஒரு மனிதத் தலைமுறை பிடிக்கும்.

சட்டத்தின் கதை 1972-க்கு வெகு முன்பே தொடங்குகிறது. பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பயிரை அழிக்கும் யானையைக் கொன்றால் சன்மானம் கொடுத்துக்கொண்டிருந்த அதே அரசு, 1873-ல் காட்டு யானைகளைக் கொல்லத் தடைவிதித்துச் சட்டம் போட்டது. மரம் இழுக்கவும் படைக்குச் சுமை தூக்கவும் யானை தேவைப்பட்டதால் வந்த அக்கறை அது. 1879-ல் இந்திய அளவில் ஒரு சட்டம் வந்தது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், விலங்கைப் பயன்பாட்டுக்காக அல்லாமல் விலங்காகவே காக்க முயன்றது. 1977-ல் யானை, அதிகபட்சப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணைக்கு ஏறியது. 1986-ல் இந்திய யானைத் தந்தத்தின் வணிகம் உள்நாட்டிலேயே தடைசெய்யப்பட்டது. 1991-ல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் கதவு மூடப்பட்டது. கேளிக்கை வேட்டைக்கு அனுமதி என்பதே ஒழிந்ததும் அந்த ஆண்டில்தான். முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினாலோ அதன் பாகங்களை விற்றாலோ இன்று குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பின் அபராதம் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் குறையக் கூடாது.

1986, 1991 திருத்தங்கள் திருவனந்தபுரத்தில் ஒரு தொழிலையே முடித்துவைத்தன. 1851-ல் லண்டன் பெரும் பொருட்காட்சியில் வைக்கப்பட்ட, விக்டோரியா மகாராணிக்குத் திருவிதாங்கூர் அரசர் அனுப்பிய தந்தச் சிம்மாசனம் அந்த ஊர்க் கைவினைஞர்களின் வேலை. அவர்களின் வாரிசுகளுக்கு நேர்ந்த இழப்பை நான் சிறிதாக எண்ணவில்லை. மரத்துக்கு மாறியவர்கள் பலர், தொழிலை விட்டவர்கள் பலர். வணிகர்கள் வழக்காடினார்கள். கையிருப்பை விற்கவாவது விடுங்கள் என்றார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 1997-லும் உச்ச நீதிமன்றம் 2003-லும் மறுத்தன: தந்த வணிகம் அடிப்படை உரிமை ஆகாது. சைபீரியப் பனியில் கிடைக்கும் மாமத் தந்தம் இந்தத் தடைக்குள் வராது என்று ஒருவர் வாதாடிய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு இடம் கொடுக்கவில்லை. காரணம் எளியது. தந்தத்தைக் குறுக்காக அறுத்தால், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் வலைபோலத் தெரியும். யானைத் தந்தத்தில் அந்தக் கோடுகள் விரிகோணத்திலும் மாமத் தந்தத்தில் குறுங்கோணத்திலும் சந்திக்கும். எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ அந்த வலை இருக்கவே இருக்காது. துண்டு பெரிதாக இருந்தால் பயிற்சி பெற்ற கண்ணுக்கு இது போதும். கடுகளவு மணியாகச் செதுக்கி மாலையில் கோத்துவிட்டால் கோணத்தை எங்கே அளப்பது? ஒரு வகைத் தந்தத்தை விற்க விட்டால் எல்லா வகையும் அதன் பெயரில் விற்பனைக்கு வந்துவிடும்.

கேரள வனத்துறை, தந்த வேட்டை ஏறக்குறைய முடிந்த கதை என்றே நம்பியிருந்தது. 2015 கோடையில், மலையாற்றூர் வனக் கோட்டத்தின் கரிம்பானி வனநிலையத்துக்கு ஒருவர் தானாக வந்தார். வேட்டைக் கும்பலோடு காட்டுக்குள் போய்வந்ததாகவும், யானைகள் கொல்லப்பட்டதைக் கண்டதாகவும் சொன்னார். அங்கிருந்தவர்கள் முதலில் நம்பவில்லை. காட்டுக்குள் தேடிப் போனபோது எலும்புகள் கிடைத்தன. மலையாற்றூர், வாழச்சால் காடுகள் இடமலையாற்றின் மேற்பகுதி வழியே இடுக்கியின் மலைகளோடும் வால்பாறையோடும் ஒட்டிக்கிடப்பவை. பல நாள் நடந்தும் ஆளைக் காண முடியாத இடங்கள். கொம்பன்கள் அங்கே சத்தமில்லாமல் மறைந்திருந்தன.

அதன்பின் நடந்த ‘ஆப்பரேஷன் ஷிகார்’ அதுவரையான கேரள வழக்குகளிலிருந்து ஓர் இடத்தில் வேறுபட்டது. சுட்டவர்களைப் பிடித்ததோடு கோப்பை மூடாமல், தந்தம் எந்தக் கைக்குப் போனது என்று விசாரித்துக்கொண்டே போனார்கள். கைப்பேசி அழைப்புப் பட்டியல்களை எடுத்து யார் யாரோடு பேசினார்கள் என்று வரைந்தார்கள். இந்திய வன உயிரின அறக்கட்டளை அதில் துணைநின்றது. தேடப்பட்ட முக்கியமானவர் ஜூலையில் மகாராஷ்டிரத்தில் இறந்துகிடந்தார்; வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நூல் அறுந்துவிடும். இம்முறை அறவில்லை. அது திருவனந்தபுரத்தின் செதுக்குப் பட்டறைகளுக்குப் போனது, அங்கிருந்து டெல்லிக்கு. அக்டோபரில் டெல்லி லட்சுமி நகரில் நானூறு கிலோவுக்கு மேற்பட்ட தந்தமும் தந்தச் சிற்பங்களும் கைப்பற்றப்பட்டன. கடைசியில் கைதானவர்கள் எழுபதுக்கும் மேல். அவர்களில் வேட்டையாடிகள் ஒரு பகுதிதான்; மற்றவர்கள் தரகர், செதுக்குபவர், வணிகர். 2024-ல் ‘போச்சர்’ என்ற இணையத் தொடராகவும் இந்தக் கதை வந்தது.

டெல்லிச் சரக்கு முழுவதும் கேரள யானைகளுடையது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இடமலையாற்றில் விழுந்த கொம்பனுக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கிடங்குக்கும் நடுவே ஆட்களின் வரிசை ஒன்று உண்டு என்பதைப் பெயர், ஊர், தொலைபேசி எண்ணோடு ஒரு மாநில வனத்துறை நிறுவிக் காட்டியது. ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் கடைசிப் புலியும் போய்விட்டது என்று 2005-ல் நாடு அறிந்தபோது இதே பாடம்தான் படிக்கப்பட்டது. மத்திய அரசு வன உயிரினக் குற்றத் தடுப்புப் பணியகத்தை அமைத்தது அதன் பிறகுதான்.

பிடிப்பது பாதி வேலை, மீதி நீதிமன்றத்தில். வன உயிரின வழக்கின் நடைமுறையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் தோல்விகள் பெரும்பாலும் இங்கேதான் விளைகின்றன. இந்தச் சட்டப்படி நீதிமன்றம் காவல்துறையின் குற்றப்பத்திரிகையை வைத்து வழக்கை எடுப்பதில்லை. அதிகாரம் பெற்ற வன அதிகாரி புகார் மனு தாக்கல் செய்ய வேண்டும். அப்படித் தொடங்கும் வழக்கில் குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே சாட்சிகளை ஒருமுறை விசாரிக்க வேண்டும். வனைந்த பின் அவர்களே மறுபடி கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். முதல்முறை வந்த வனவர் இரண்டாம்முறைக்குள் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகியிருப்பார், அல்லது ஓய்வுபெற்றிருப்பார். மகஜரில் கையெழுத்துப் போட்ட கூலித் தொழிலாளி பயந்து பின்வாங்கியிருப்பார். மகஜரில் எழுதிய எடையும் ஆய்வகத்துக்குப் போன பொட்டலத்தின் எடையும் சில கிராம் வேறுபட்டால் போதும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேறெதையும் தொட வேண்டியதில்லை.

சட்டம் அரசுத் தரப்புக்குக் கொடுத்திருக்கும் ஆயுதங்கள் குறைவும் அல்ல. ஒருவர் வசம் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், அது முறையாக வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. முதல் அட்டவணை வழக்குகளில் ஜாமீன் எளிதில் கிடைக்காது. உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி, குற்றம்சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கலாம். இவ்வளவு இருந்தும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. சாட்சியை இருமுறை அலைக்கழிக்கும் நடைமுறையை மாற்றாமல் தண்டனையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பத்து ஆண்டு கழித்து வரப்போகும் ஏழு ஆண்டுச் சிறைக்கு யாரும் அஞ்சமாட்டார்கள்.

இனி, வாங்கியவர்கள். 1972-க்கு முன் வீட்டில் இருந்த தந்தத்தையும் கொம்பையும் தோலையும் அரசிடம் அறிவித்து உரிமைச் சான்று பெறச் சட்டம் வழிசெய்தது. சான்றுள்ள பொருளை விற்க முடியாது, வாரிசுரிமையாகக் கைமாறலாம். 2003-ல் இன்னொரு முறை அறிவிக்க 180 நாள் அவகாசம் தரப்பட்டது. இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் உண்டு, தாத்தா காலத்து மான்கொம்புக்காகப் பேரனை ஜெயிலில் போட முடியாது. ஆனால் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் பழையதோடு புதியதும் உள்ளே நுழைய வாய்ப்பு உண்டு. கேரளத்தில் கோயில் யானைகளின் தந்த நுனியை அனுமதி பெற்று முறிப்பதும் உண்டு. அந்தத் துண்டுகளை எடைபோட்டு வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறது என்பது இங்கே விளங்கும்.

2011-ல் நடிகர் மோகன்லாலின் கொச்சி வீட்டில் வருமான வரித்துறை சோதனையிட்டபோது இரண்டு ஜோடித் தந்தங்கள் கண்டெடுக்கப்பட்டன. மறு ஆண்டு வனத்துறை வழக்குப் பதிந்தது. பின்னர் மாநில அரசு அவற்றை அறிவிக்க அவருக்கு வாய்ப்பளித்து, 2016-ல் உரிமைச் சான்றும் கொடுத்தது. 2025 அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தச் சான்றுகள் செல்லாது என்றது: இப்படி அறிவிக்கச் சொல்லும் ஆணை அரசிதழில் வெளியாக வேண்டும், வெளியாகவில்லை. சட்டப்படி புதிதாக அறிவிக்கை வெளியிட அரசுக்குத் தடையில்லை என்றும் தீர்ப்பு சொன்னது. அவர் குற்றவாளியா என்பதை இந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை, நானும் அதைப் பேசவில்லை. அரசிதழில் வெளியிட்டிருந்தால் அந்தச் சலுகை மாநிலத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், எல்லோரும் கேட்டிருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

அதே ஆண்டு ஏப்ரலில் ராப் பாடகர் வேடன், சங்கிலியில் சிறுத்தைப்பல் கோத்திருந்ததாகக் கேரள வனத்துறையால் கைது செய்யப்பட்டார்; பெரும்பாவூர் நீதிமன்றம் விரைவிலேயே ஜாமீன் கொடுத்தது. ரசிகர் ஒருவர் தந்த பரிசு, சிறுத்தையின் பல் என்று தெரியாது என்றார் அவர். புலிநகம், சிறுத்தைப்பல் என்ற பெயரில் சந்தையில் புழங்குவதில் மாட்டுக்கொம்பிலும் எலும்பிலும் செதுக்கிய போலிகள் ஏராளம். ஆய்வக அறிக்கை வரும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருவருக்கு உடனடிக் கைது, இன்னொருவருக்கு உரிமைச் சான்று. இந்த வேறுபாட்டைக் கேரள மக்கள் வெளிப்படையாகவே விவாதித்தார்கள். சட்டத்தின்மீது ஊரார் வைக்கும் மதிப்பு இப்படிப்பட்ட ஒப்பீடுகளில்தான் கூடுகிறது, குறைகிறது. மலையடிவாரத்தில் முயலுக்குக் கண்ணி வைத்து வழக்கு வாங்கியவர் தொலைக்காட்சியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பாலக்காடு மாவட்டத்தில் விலங்குச் சாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. கோவைப் பக்கத்தில் அவுட்டுக்காய் என்பார்கள், கேரளத்தில் பன்னிப்படக்கம். வெடிமருந்தைப் பழத்துக்குள்ளோ தேங்காய்க்குள்ளோ பொதிந்து பன்றி வரும் தடத்தில் வைப்பது. கடித்தால் வெடிக்கும். 2020 மே 27 அன்று மண்ணார்க்காடு வனக் கோட்டத்தில், வெள்ளியாற்றுக்குள் நின்றபடி ஒரு பெண் யானை செத்தது. வாய் சிதைந்திருந்தது, நாள்கணக்கில் எதுவும் தின்ன முடியாமல் அலைந்திருந்தது, வயிற்றில் கரு இருந்தது. அன்னாசிப்பழம் என்று உலகமெல்லாம் செய்தி பரவியது. விசாரணையில் வனத்துறை சொன்னது தேங்காய். மலப்புரம் மாவட்டம் என்று பலர் எழுதினார்கள், நடந்தது பாலக்காட்டில். அந்த யானைக்குத் தந்தம் இல்லை. யாரும் அதைக் கொல்லத் திட்டமிடவும் இல்லை. பன்றி இறைச்சிக்கும் பயிர்க் காவலுக்குமாக வைத்த வெடி அதன் வாயில் வெடித்தது.

அவுட்டுக்காய் வைப்பவரையும் டெல்லித் தந்த வணிகரையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. இரவெல்லாம் வயலில் தகரம் தட்டி உட்கார்ந்திருக்கும் விவசாயியின் கோபம் உண்மையானது. 2022-ல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குக் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தது: உரிமம் பெற்ற துப்பாக்கியால் மட்டும், விஷமோ வெடியோ மின்வேலியோ கூடாது, சுட்ட பன்றியைத் தின்னாமல் புதைக்க வேண்டும். கடைசி நிபந்தனையைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. இறைச்சிக்கு விலை கிடைக்கும் என்றால், பயிர்க் காவல் என்ற பெயரில் வணிகம் தொடங்க ஒரு வாரம்கூட ஆகாது. அதே சமயம், பயிர் இழப்பீடு பருவம் தவறாமல் கைக்கு வராவிட்டால் அவுட்டுக்காயை எந்தச் சட்டமும் ஒழிக்காது.

எல்லையின் சிக்கல் நிலவரைபடத்திலேயே இருக்கிறது. பரம்பிக்குளம் கேரளத்தின் புலிகள் காப்பகம். வண்டியில் அங்கே போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும். யானை ஒரு மாநிலத்தில் செத்து, தந்தம் இன்னொன்றில் பிடிபட்டால் இரண்டு துறை, இரண்டு கோப்பு, இரண்டு நீதிமன்றம். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம், யானை வேட்டை வழக்குகளுக்கு சி.பி.ஐ.யோடு இரு மாநில அதிகாரிகளும் இடம்பெறும் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது இதனால்தான். எல்லைக் காவலில் இன்னொரு வழியும் முயலப்பட்டது: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பெரியாற்றுக் காட்டுக்குள் திருடப் போய்க்கொண்டிருந்த தமிழர்கள் சிலரை ‘விடியல்’ என்ற சங்கமாக்கிக் காவல் பணியில் சேர்த்துக்கொண்டது கேரள வனத்துறை. அதற்கு முன் குமுளியில் வயண மரத்தின் பட்டையைத் திருடியவர்களை வைத்து இதே முயற்சி நடந்திருந்தது. தடம் தெரிந்தவர்களே தடத்தைக் காத்தார்கள். அவர்கள் திருடிய காலத்தில் சரக்கை வாங்கிய கடைக்காரர்களின் பெயர்களையும் அவர்கள் அறிந்திருப்பார்கள். அந்தப் பெயர்களை முறையாகப் பதிவு செய்யும் வேலை சங்கம் அமைப்பதோடு கூடவே நடக்க வேண்டியது.

அரசின் கையிலும் தந்தம் இருக்கிறது. காட்டில் செத்த யானைகளின் தந்தம், வழக்குகளில் கைப்பற்றியது எல்லாம் இரும்புப் பெட்டிகளில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. கிடக்கும்வரை அதற்குக் காவல் வேண்டும், கணக்கு வேண்டும். என்றாவது விற்பனைக்கு வரும் என்ற எதிர்பார்ப்பும் வணிகர்களிடம் சாகாது. ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் கையிருப்பை ஜப்பானுக்கு 1999-லும், சீனாவுக்கும் ஜப்பானுக்கும் 2008-லும் விற்க அனுமதித்தபோது அந்த எதிர்பார்ப்புக்கு உலகமே உரம் போட்டது. சீனா தன் உள்நாட்டுத் தந்தச் சந்தையை மூட 2017-ன் இறுதிவரை ஆயிற்று. அசாம் அரசு வேறு வழியைத் தேர்ந்தது. 2021 செப்டம்பர் 22 அன்று, மாவட்டக் கருவூலங்களில் சேர்ந்திருந்த காண்டாமிருகக் கொம்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, மரபணு மாதிரி எடுத்து, வழக்குகளுக்கும் காட்சிக்கும் வேண்டியதை மட்டும் ஒதுக்கிவிட்டு, 2,479 கொம்புகளை போகாகாட்டில் பொதுமக்கள் முன்னிலையில் எரித்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதியோடு இதைச் செய்ய இடம் தருகிறது. அந்தப் பிரிவு கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். இரண்டு மாநிலங்களும் ஒரே நாளில் அதைச் செய்யலாம்.